ஹெப்சியின் எலும்புகள்

கதவைத் திறந்தவருக்குப் பெரிய மீசை இருந்தது.

"பொன்மலர் சிஸ்டர் வீடு..." என்றான் நெல்வின்.

"இதான். நான் பக்கத்துப் போர்ஷன். ராமலிங்கம், ரிட்டயர்ட் ஏட்டு. இன்னா விஷயம்? காணாமப் போனதா, சாவா?"

"சாவு."

"உள்ள வாங்க தம்பி," என்றார் ராமலிங்கம், விருந்தாளியைக் கண்டவர் போல.

பொன்மலர் மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேலூரில் எலும்பு வார்டுத் தலைமை நர்ஸாக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் சொன்னதும் போலீஸ் சொன்னதும் பொருந்தாமல் போனவர்கள் பாகாயத்தில் அவர் வீட்டைத் தேடி வருவார்கள். நெல்வினை அனுப்பியது அவன் வேலை செய்யும் ஆம்பூர் ஷூ கம்பெனியின் கணக்கர்.

நெல்வின் உட்கார்ந்தான். எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டான்.

"என் ஒய்ஃப் ஹெப்சி. ஜூலையில இறந்துட்டா. நான் அடிச்சே கொன்னுட்டேன்னு எங்க மாமனார் கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கார். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகல, அதனால ஆர்டிஓ விசாரணை. திங்கக்கிழமை கடைசி. பொண்ணு ஜெனிஃபாவுக்கு மூணு வயசு. அடக்கம் முடிஞ்ச அன்னிக்கே அவர் நெமிலிக்குத் தூக்கிட்டுப் போய்ட்டார். பார்க்க விடமாட்டேங்கறார். திங்கக்கிழமை தப்பாப் போனா அவளை அப்புறம் பார்க்கவே முடியாது."

யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல் சொன்னான்.

"அடிச்சியா?" பொன்மலர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்ல. கத்தியிருக்கேன்."

"எதுக்கு?"

"பால் தீஞ்சா. அடுப்புகிட்டயே நிப்பா. அடி பிடிச்சு வீடே நாறும், அவ பாட்டுக்கு நிப்பா. கவனம் எங்க இருக்குன்னு கத்துவேன்."

பொன்மலரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"எப்படி இறந்தா?"

"சர்ச் படி. ஒரே ஒரு படி. இறங்கும்போது கால் மடங்கிச்சு, தொடை எலும்பு உடைஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில திடீர்னு மூச்சு நின்னுடிச்சு. ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போய்டிச்சுன்னு சொன்னாங்க. போஸ்ட்மார்ட்டத்துல பழைய முறிவு நிறைய. விலா எலும்பு, தோள்பட்டை. அதைக் கேட்டதும்தான் மாமா..." அவன் நிறுத்தினான். "நான் கேட்டாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்."

"முன்னாடி உடம்புக்கு என்ன?"

"ரத்தம் கம்மி. முதல் குழந்தை கலைஞ்சுபோச்சு. அடுத்தது ஜெனிஃபா. அப்புறம் இடுப்பு வலி. வாத்து மாதிரி நடப்பா. கால்சியம் மாத்திரை ஒரு வருஷம் சாப்பிட்டா, குறையல. சிறுநீர்ல சர்க்கரைன்னாங்க, ரத்தத்துல பார்த்தா இல்ல."

ராமலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மாத்திரை சாப்பிட்டும் குறையலன்னா, மாத்திரைய யாரோ மாத்தியிருக்கான். வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நான், எங்கம்மா."

"ஆங்," என்றார் ராமலிங்கம்.

"ஏட்டய்யா, சட்டை மாத்திக்குங்க," என்றார் பொன்மலர். "ஆம்பூர் போகணும்."

*

நெல்வினின் அம்மா நேசமணி ராமலிங்கத்தின் மீசையைப் பார்த்ததுமே நடுங்கிப்போனாள். அவர் மாத்திரை டப்பாவைக் கைக்குட்டையில் பிடித்து எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"மருமகளுக்கு நீங்கதான் மாத்திரை எடுத்துக் குடுப்பீங்களாம்மா?"

"எனக்கே கண்ணு தெரியல. என் சுகர் மாத்திரையே அவதான் எடுத்துக் குடுப்பா," என்று அழ ஆரம்பித்தாள் நேசமணி.

ராமலிங்கம் டப்பாவை மூடினார். ஆனாலும் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் தண்ணியைத்தான் சந்தேகப்பட்டேன்," என்றான் நெல்வின். "தோல் பதனிடுற ஷாப்புத் தண்ணி பாலாத்துல கலந்து போர்ல வருதே. அதை டெஸ்ட்டுக்குக் கொடுக்கலாமா?"

"அதை மூணு பேரும் குழந்தையும் குடிச்சீங்க. எலும்பு உடைஞ்சது அவளுக்கு மட்டும்தான்," என்றார் பொன்மலர். "அவ மட்டும் சாப்பிட்டது என்ன?"

நெல்வின் யோசித்தான். காலையில் ஏழு மணிக்கு அவன் கிளம்பிவிடுவான். மதியம் கேண்டீன். இரவு அவனுக்கு முதலில் தட்டு வரும், பிறகு அம்மாவுக்கு. ஹெப்சியின் தட்டு நினைவுக்கு வரவில்லை. எந்தத் தட்டில் சாப்பிட்டாள் என்பதே தெரியவில்லை.

"நாங்க சாப்பிட்டதுதான் சாப்பிட்டிருப்பா," என்றான்.

"இல்லியே," என்று வாசலிலிருந்து ஒரு குரல். அடுத்த வீட்டு பில்கிஸ் முந்தானையில் கை துடைத்தபடி நின்றாள். "அக்கா ராத்திரி பேருக்குத்தான் சாப்பிடும். காலைல அண்ணன் போன பிறகுதான் அதுக்கு சாப்பாடு. முந்தின நாள் புளிக்குழம்பு குண்டான்ல அடியில இருக்கும்ல, அதுலயே பழைய சோத்தைப் போட்டுப் பிசைஞ்சு, குண்டானோட மடியில வச்சிக்கும். உங்க வீட்ல தட்டுக்கா பஞ்சம்னு நான் பேஜார் பண்ணுவேன். ஊறின குழம்புதாண்டி ருசி, அதுவும் எங்கம்மா குண்டான்லன்னு சொல்லும்." அவள் நெல்வினைப் பார்த்தாள். "அண்ணனுக்குத் தெரியாதா?"

நெல்வின் அண்ணாந்து பரணைப் பார்த்தான்.

குண்டான் பரண் மேல் இருந்தது. ஹெப்சி போனபிறகு யாரும் எடுக்கவில்லை. கனத்த பித்தளை. அவளுடைய அம்மா வைத்திருந்தது, சீரோடு வந்தது. பொன்மலர் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே பூச்சு வெள்ளையாகப் பளபளத்தது. அடியில் குழம்பு நிற்கும் உயரம் வரை மட்டும் பூச்சு அரித்துப்போய்ப் பித்தளை தெரிந்தது. விளிம்பில், தீ அதிகம் பட்ட இடத்தில், மஞ்சளும் பழுப்புமாகக் கறை.

"ஈயம் பூசினது யாரு?"

"பஜார் முனையில ஆபித் பாஷா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வருஷா வருஷம் மாமாதான் வந்து பூசித் தருவார். பொண்ணு வீட்டுப் பாத்திரம் கருக்கக் கூடாதுன்னு."

*

ஆபித் பாஷா துருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி தேக்சா அண்டா ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குண்டானைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நெமிலி பெரியவரு பாத்திரம். அவரு பெரிய சந்தேகி சார். என் ஈயத்தைத் தொடக்கூட விடமாட்டாரு. நீங்கள்லாம் கருப்பு ஈயம் கலப்பீங்க, அது விஷம், எம் பொண்ணு சாப்பிடற பாத்திரம்னு சொல்லி அவரே ஈயக் குச்சி கொண்டாருவாரு. வேலை முடியறவரைக்கும் எதிர்லயே குந்திக்கினு பார்ப்பாரு."

"நல்ல ஈயம்தானான்னு நீங்க பார்க்கலியா?" என்றார் பொன்மலர்.

"பார்த்தேனே. வளைச்சுக் காதுல வச்சுப் பார்த்தேன். நல்ல வெள்ளீயம் வளைச்சா முனகும். கருப்பு ஈயம் முனகாது. அது முனகிச்சு. அவரும் அப்படித்தான் பார்த்திருக்காரு." அவர் துணியில் கையைத் துடைத்தார். "ஆனா ஒண்ணு. அந்தக் குச்சி ராசி இல்ல. கொஞ்சம் சூடு ஜாஸ்தியானா பழுப்பாப் புகையும். அந்த வேலை செஞ்ச ராத்திரியெல்லாம் எனக்கு ஜுரம், நெஞ்சடைப்பு. மூணு வருஷமும் அப்படியே. கண் பட்டுடிச்சுன்னு வீட்டுக்காரி சுத்திப் போட்டா."

"குச்சி மிச்சம் இருக்கா?"

தகர டப்பாவைத் துழாவி விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பொன்மலர் அதை நெல்வினின் காதருகே பிடித்து மெல்ல வளைத்தார். நெறுநெறுவென்று மெலிதாக ஒரு சத்தம் கேட்டது.

"பெரியவர் இதை அவர் வீட்டுப் பாத்திரத்துக்கும் பூசுவாரா?"

"பூசாம? நெமிலிலேர்ந்து அவரு சட்டியும் சேர்த்துத்தான் கொண்டாருவாரு."

பொன்மலர் எழுந்தார். அவர் முகம் மாறியதை நெல்வின் அப்போதுதான் பார்த்தான்.

"ஏட்டய்யா, இந்தத் துண்டை இன்னிக்கு ராத்திரியே பாகாயம் லேப்ல குர்ஷித்கிட்ட கொடுங்க. என் பேரைச் சொல்லுங்க. காலைல ரிசல்ட்டோட நேரா நெமிலி வாங்க. தம்பி, நீயும் நானும் விடியறதுக்கு முன்னாடி முதல் பஸ்ல கிளம்பறோம்."

"குழந்தைக்கு ஆபத்தா சிஸ்டர்?"

"அங்க போய்க் கொஞ்ச மாசம்தானே ஆச்சு. ஆனா இன்னொரு நாள் வேணாம்."

*

நெமிலியில் மாமனார் ஜெபசீலன் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"இந்த வாசலை மிதிக்கக் கூடாதுன்னு உன்கிட்ட சொன்னேன்."

"அவரைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க," என்றார் பொன்மலர். "நான் நர்ஸ். உங்க வீட்ல பால் தீயுது."

ஜெபசீலன் விழித்தார். புகை வாசல் வரை வந்திருந்தது. நெல்வினுக்குத் தொண்டை கமறியது. அவரோ அந்தப் புகையிலேயே நின்றுகொண்டு எதுவும் தெரியாதவராய் இருந்தார். "அப்படியா," என்று உள்ளே ஓடினார்.

அடுப்படித் தரையில் ஜெனிஃபா உட்கார்ந்திருந்தாள். எதிரே புளிச்சோறு. பக்கத்தில் பித்தளைச் சட்டி, உள்ளே அதே வெள்ளைப் பளபளப்பு.

"டாடி," என்றாள், நேற்றும் பார்த்தவள்போல.

நெல்வின் குனிந்து தட்டை எடுத்தான். அவள் வாயில் இருந்ததை விரலால் வழித்து எடுத்தான். குழந்தை வீறிட்டது. ஜெபசீலன் அவன் சட்டையைப் பிடித்தார்.

"எம் பொண்ணைக் கொன்னது போதாதா? குழந்தை சோத்தையும் புடுங்குறியா?"

நெல்வின் கையைத் தட்டிவிடவில்லை. தட்டை மட்டும் எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். பொன்மலர் தான் கொண்டுவந்த பன்னைப் பிட்டுக் குழந்தையிடம் கொடுத்தார். இருவரையும் உட்காரச் சொன்னார். வார்டில் அவர் சொல்லி யாரும் உட்காராமல் இருந்ததில்லை.

"என்கிட்ட எக்ஸ்ரே இருக்கு. முடிக்கிறவரை கேளுங்க, அப்புறம் திட்டுங்க. தோள்பட்டையைப் பாருங்க. இந்தப் பக்கம் ஒரு கீறல். அந்தப் பக்கமும் அதே இடத்துல, அதே நீளம். விலாவும் அப்படித்தான். அடிக்கிறவன் அளந்து அடிக்கமாட்டான். உடம்புல வெளிக்காயமும் இல்ல. இது அடிபட்ட எலும்பு இல்ல, சுண்ணாம்புச் சத்து வடிஞ்சு தானா விட்டுப்போன எலும்பு."

"கால்சியம் சாப்பிட்டாளே," என்றார் ஜெபசீலன்.

"சாப்பிட்டா. உடம்பு பிடிச்சு வைக்கல. ரத்தத்துல சர்க்கரை இல்ல, சிறுநீர்ல இருந்தது. அப்படின்னா சிறுநீரகம் ஓட்டை. சர்க்கரையையே விடுற சிறுநீரகம் சுண்ணாம்பையும் பாஸ்பரஸையும் வச்சுக்குமா? அடுத்தது மூக்கு. பால் தீயறது அவளுக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியல. உங்க பல்லு ஈறோரம் மஞ்சள் கோடு இருக்கு. பீடி பிடிப்பீங்களா?"

"கர்த்தர் சத்தியமா இல்ல."

"என்ன வேலை பார்த்தீங்க?"

"ராணிப்பேட்டைல முலாம் பட்டறை. போல்ட்டு நட்டுக்கு முலாம் போடறது. ஈயத் தொட்டி, வேற தொட்டி, நாலஞ்சு இருந்தது. மூடிட்டாங்க."

"அந்தக் குச்சி அங்க கிடைச்சதா?"

"மூலைல குவிஞ்சு கிடந்தது. வேணும்னா எடுத்துக்கங்கன்னாங்க. வளைச்சுப் பார்த்தேன், முனகிச்சு. சுத்தமான ஈயம்." ஜெபசீலன் குரலில் இன்னும் பெருமை இருந்தது. "கடைல வாங்கினா கலப்படம்."

வாசலில் செருப்புச் சத்தம். ராமலிங்கம் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "சிஸ்டர், ஈயமே இல்ல. காட்மியமாம். குர்ஷித் அம்மா தொட்ட கையைக் கழுவச் சொல்லிச்சு. நகைக்கடை போர்டுல கேடிஎம்னு போடறானே, அந்தச் சரக்காம்."

"அதேதான். தங்கத்தைப் பத்தவைக்கச் சேர்ப்பாங்க," என்றார் பொன்மலர். "வளைச்சா அதுவும் ஈயம் மாதிரியே முனகும். வெள்ளையா இருக்கும், சுலபமா உருகும். வளைச்சுப் பார்க்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா புளி பட்டா கரையும். ராத்திரி முழுக்கப் புளிக்குழம்பு அதுல நின்னா நல்லாவே கரையும். மூக்கு மரத்துப்போறது, பல்லோரம் மஞ்சள் கோடு, ரெண்டும் அது உடம்புல சேர்ந்த அடையாளம்தான்."

"நாங்களும் அதே குழம்பைத்தானே சாப்பிட்டோம்," என்றான் நெல்வின். அது கேள்வியாக வரவில்லை.

"நீ அடுப்புலேர்ந்து இறக்கின உடனே சாப்பிட்ட. உங்கம்மா அதுல ரெண்டு கரண்டி. அவ மறுநாள் காலைல, அடியில ஊறினதை, குண்டானையே வழிச்சு. அது ஒண்ணு." பொன்மலர் எக்ஸ்ரேயை உறைக்குள் வைத்தார். "இன்னொண்ணு அவ உடம்பு. ரெண்டு தடவை கர்ப்பம், ரத்தம் கம்மி. இரும்புச் சத்துக்கு ஏங்குற குடல் எல்லாக் கதவையும் திறந்து வச்சிருக்கும். இரும்பு வரலன்னா அந்தக் கதவு வழியா இது நுழையும். உள்ள போனதும் துத்தநாகம் இருக்கவேண்டிய இடத்தைப் பிடிச்சுக்கும். சுண்ணாம்பைச் சேரவிடாது. வயிறாரச் சாப்பிடறவன் உடம்புல இது கொஞ்சமாத்தான் ஒட்டும். கடைசியில சாப்பிடறவ உடம்புல ஒட்டிக்கும்."

ராமலிங்கம் பையிலிருந்த மாத்திரை டப்பாவை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

நெல்வின் ஹெப்சி சாப்பிடுவதை நினைத்துப் பார்க்க முயன்றான். பரிமாறும் கை வந்தது. வளையல் வந்தது. தண்ணீர் வைக்கும் சத்தம் வந்தது. அவள் வாயில் ஒரு கவளம் போவது வரவே இல்லை.

"அப்போ நான்," என்றார் ஜெபசீலன். சட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளே கையால் தடவினார். "விஷம் கலந்துடுவானுங்கன்னுதான் சிஸ்டர் நான் கொண்டுபோனேன். அவன் எதிர்லயே உட்கார்ந்து பார்த்தேன்."

"தெரியும்."

"அவளுக்கு வலிச்சிருக்குமா?"

நெல்வின் பொன்மலரைப் பார்த்தான். இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தான்.

"வலிச்சிருக்கும்," என்றார் அவர். "ராத்திரியில புரண்டு படுக்கக்கூட வலிக்கும். அந்த நோயோட வலி அப்படி. யார்கிட்டயும் சொல்லியிருக்கமாட்டா."

நெல்வினிடம் சொல்லியிருக்கிறாள். ஒருநாள், 'தும்மினா விலா விண்டுபோற மாதிரி இருக்குங்க' என்றாள். அவன் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். சளி பிடித்திருக்கும் என்றான்.

பொன்மலர் செய்யவேண்டியதை மெதுவாகச் சொன்னார். திங்கள்கிழமை லேப் ரிப்போர்ட்டோடு அவரும் ஆர்டிஓ அலுவலகத்துக்கு வருவார். எலும்பு டாக்டர் ஒருவரையும் அழைத்து வருவார். குழந்தைக்குச் சிறுநீர் டெஸ்ட் எடுக்கவேண்டும். பயப்படவேண்டாம். இனி எவர்சில்வர் பாத்திரம். முட்டை, பால், கீரை, இரும்பு டானிக். வயிறு நிறைந்திருந்தால் அந்தக் கதவுகள் மூடிக்கொள்ளும். ஆபித் பாஷாவிடம் இந்தக் குச்சியில் வேறு யாருக்கெல்லாம் பூசினார் என்று விசாரிக்கும் வேலையை ராமலிங்கம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜெபசீலன் எழுந்துபோய்க் குழந்தையின் துணிகளை ஒரு மஞ்சள் பையில் திணித்தார். மடிக்கவில்லை. பையை நெல்வின் முன்னால் வைத்தார்.

"கம்ப்ளெயின்ட்டை நானே வாபஸ் வாங்கறேன். கூட்டிக்கிட்டுப் போங்க மாப்ள."

மாப்ள என்று அவர் அவனைக் கூப்பிட்டு மாதங்கள் ஆகியிருந்தன. நெல்வினுக்கு அவரிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்றிருந்தது. உங்கள் தப்பில்லை என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டான். பன் துணுக்குகள் அவன் தோளில் உதிர்ந்தன.

"ஐயா, உங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும்," என்றார் பொன்மலர். "பட்டறையிலயும் சுவாசிச்சிருக்கீங்க, வீட்லயும் சாப்பிட்டிருக்கீங்க. எங்களோடவே பாகாயம் வாங்க."

"எனக்கு எதுக்கு சிஸ்டர். இந்தச் சட்டியிலயே பொங்கித் தின்னுட்டுக் கிடக்கறேன். எம் பொண்ணுக்கு உடைஞ்ச மாதிரி எனக்கும் உடையட்டும்."

அவர் தரையில் உட்கார்ந்தார். சட்டியை விடவில்லை. ராமலிங்கம் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தெருவில் பஸ் ஹாரன் கேட்டது.

நெல்வின் படியிறங்கினான். இரண்டு எட்டு வைத்தான். பிறகு குழந்தையைப் பொன்மலரிடம் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பி வந்தான். ஜெபசீலனின் மடியிலிருந்து சட்டியை எடுத்தான். அவர் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"உடைஞ்சா யார் பார்க்கறது?" என்றான் நெல்வின். "நான்தான் பார்க்கணும். வேற யாரு இருக்கா உங்களுக்கு."

கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சட்டையை மாட்டுங்க மாமா. பஸ் நிக்காது."

ஜெபசீலன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சட்டையைத் தேடி உள்ளறைக்குள் போனார். நெல்வின் சட்டியைக் கையில் பிடித்தபடி, அவர் வரும்வரை அங்கேயே நின்றான்.